சேவல் தலை, மயில் கழுத்து, கையில் தாமரை: அந்த ஒடிசா படத்தில் இருப்பது கிருஷ்ணர்தானா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி திடலில் நடந்த கைவினைக் கண்காட்சியில், ஒடிசாவிலிருந்து வந்த ஒருவரிடம் துணியில் வரைந்த படம் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். சேவல் தலையும் மயில் கழுத்தும் வைத்த ஒரு விசித்திரமான மிருகம் நிற்கிறது, அதன் எதிரே அர்ஜுனன் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறான். மிருகம்தான் கிருஷ்ணர் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். வில்லிபாரதம் முழுக்கப் படித்த உங்கள் அப்பா, பாரதத்தில் இப்படி ஒரு கட்டமே கிடையாது, இல்லாத கதையைச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள், இதைப் பூஜை அறையில் மாட்டாதே என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். உண்மையில் இதில் மூன்று கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன: இந்தக் கதை எங்காவது இருக்கிறதா, இந்தப் படம் கையால் வரைந்த நிஜமான படம்தானா, இதைச் சாமி படமாக வைத்துக்கொள்ளலாமா. மூன்றுக்கும் பதில் வேறு வேறு என்பதால் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி, நான் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் முடிவுசெய்யத் தோதாக. சொந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படித்தேன், அப்புறம் கடலூரில் பல வருடம் ஓவிய ஆசிரியர் வேலை. இடையில் ஒடிசாவில் பூரிக்குப் பக்கத்தில் உள்ள ரகுராஜ்பூர் கிராமத்தில் படம் போடும் ஒரு குடும்பத்தோடு தங்கி, துணி தயாரிப்பதிலிருந்து கடைசிக் கறுப்புக் கோடு வரைக்கும் கூட உட்கார்ந்து கற்றேன். எனக்கு ஒடியா படிக்கத் தெரியாது, அவர்கள் வாய்மொழியாகச் சொன்னதும் மொழிபெயர்ப்பில் படித்ததும்தான் என் கையில் இருப்பது. உங்கள் படத்தையும் நான் நேரில் பார்க்கவில்லை.

சரி, கதைக்கு வருவோம். விற்றவர் பொய் சொல்லவில்லை, அது கிருஷ்ணர்தான். அந்த உருவத்துக்கு நவகுஞ்சரம் என்று பெயர். சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடுப்பு, பாம்பு வால். நான்கு காலில் ஒன்று யானைக்கால், ஒன்று புலிக்கால், ஒன்று மான் கால் (சிலர் குதிரைக் கால் போடுவார்கள்), நான்காவது இடத்தில் கால் இருக்காது, மனிதக் கை இருக்கும். அந்தக் கையில் பெரும்பாலும் தாமரை, சிலர் சக்கரமும் வைப்பார்கள். எண்ணிப் பார்த்தால் மனிதனோடு சேர்த்து ஒன்பது உயிர்கள். அர்ஜுனன் மலைமேல் தவமிருந்தபோது கிருஷ்ணர் இந்த உருவத்தில் அவன் முன்னால் வந்து நின்றார் என்பது கதை. எந்தக் காட்டிலும் காணாத மிருகம் ஒன்று எதிரில் வந்ததும் அர்ஜுனன் மிரண்டுபோய் வில்லை எடுத்து நாணேற்றுகிறான். அம்பு விடும் முன்னால் அந்தக் கையும் தாமரையும் கண்ணில் படுகிறது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்று தன் மனம் சொல்கிறது, ஆனால் மனித அறிவு எட்டும் தூரம் கொஞ்சம், படைப்புக்கோ எல்லை கிடையாது, தாமரை பிடித்து வந்திருப்பவன் யாராக இருக்கும் என்று யோசிக்கிறான். ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு விழுந்து வணங்குகிறான். உங்கள் படத்தில் இருப்பது அந்தக் கடைசிக் கணம்தான். ஓவியர்கள் வில்லை ஓங்கிய நிலையையும் வரைவதுண்டு. உங்களுக்குக் கிடைத்தது வில்லை இறக்கிய நிலை. எனக்குப் பிடித்ததும் அதுதான், ஏனென்றால் அதில் அர்ஜுனனின் கண் மிருகத்தின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கும்படி நல்ல ஓவியர்கள் வைப்பார்கள். உங்கள் படத்தில் அவன் பார்வை எங்கே போகிறது என்று ஒருமுறை கவனியுங்கள்.

இந்தக் கதை வியாசர் பாரதத்தில் இல்லை. வில்லிபாரதத்திலும் இல்லை. அந்த அளவில் அப்பா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இது சாரளா தாசர் ஒடியாவில் எழுதிய மகாபாரதத்தில் வருகிறது. அவர் 15ஆம் நூற்றாண்டுக்காரர், கஜபதி அரசன் கபிலேந்திர தேவன் காலத்தவர். உழவர் குடும்பம், தன்னைச் சூத்திரமுனி என்று சொல்லிக்கொண்டவர், சாரளா தேவியின் அருளால்தான் பாட வந்தது என்று பாடியவர். வடமொழியை வரிக்கு வரி மொழிபெயர்க்க அவர் உட்காரவில்லை. பாரதக் கதையைத் தன் ஊர்க் கதையாக எடுத்துச் சொன்னார். வியாசரில் இல்லாத எத்தனையோ கட்டங்கள் அதில் உண்டு, நவகுஞ்சரம் அவற்றில் ஒன்று. ஒடிசாவில் அதை யாரும் புதுக்கதை என்று நினைப்பதில்லை. பூரி ஜகந்நாதர் கோயிலின் வடக்குப் பக்கத்தில் நவகுஞ்சரச் சிற்பம் இருக்கிறது. விமானத்தின் உச்சியில் இருக்கும் நீலச் சக்கரத்தின் வெளிவட்டத்தில் எட்டு நவகுஞ்சரங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கஞ்சபா என்று வட்ட வட்டமாக வரைந்த சீட்டுக்கட்டு ஒன்று அங்கே உண்டு, அதில் ஒருவகைக் கட்டில் ராஜா சீட்டு நவகுஞ்சரம், மந்திரி சீட்டு அர்ஜுனன். கோயில் உச்சியிலும் இருக்கிறது, திண்ணையில் விளையாடும் சீட்டிலும் இருக்கிறது என்றால் அந்த ஊர் மக்களின் மனதில் அது எவ்வளவு ஆழமாக ஊறியிருக்க வேண்டும் என்று பாருங்கள்.

இப்போது அப்பாவிடம் ஒரு விஷயம் கேளுங்கள். வில்லிபாரதத்தில் பழம் பொருந்து சருக்கம் படித்திருப்பார். திரௌபதி ஆசைப்பட்டாள் என்று அர்ஜுனன் ஒரு நெல்லிக்கனியை வீழ்த்திவிடுகிறான், அது அமித்திர முனிவர் உண்ணும் கனி என்று பிறகுதான் தெரிகிறது. சாபத்துக்குப் பயந்து கண்ணனை அழைக்க, ஆளுக்கொரு உண்மையை மனம் திறந்து சொல்லுங்கள், கனி மேலே போய் ஒட்டிக்கொள்ளும் என்கிறான் கண்ணன். ஐவரும் சொல்கிறார்கள், திரௌபதியும் தன் மனதில் இருப்பதைச் சொல்கிறாள், கனி கிளையில் போய்ப் பொருந்துகிறது. அருமையான இடம், நம் பக்கத்துக் கூத்திலும் கதாகாலட்சேபத்திலும் எத்தனையோ முறை கேட்டது. அதுவும் வியாசர் பாரதத்தில் கிடையாது. இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது என்னவென்றால், ஏறக்குறைய இதே கதை சாரளா தாசரிடமும் இருக்கிறது. அங்கே நெல்லிக்கனிக்குப் பதில் மாங்கனி. பருவம் இல்லாத காலத்தில் ஒரு மாம்பழம் வேண்டும், பாண்டவர்களும் திரௌபதியும் உண்மை பேசப் பேச அது உருவாகிறது. வில்லிபுத்தூரார் நம் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர், அதாவது இன்றைக்குக் கடலூர், விழுப்புரம் என்று நாம் சொல்லும் இந்தப் பக்கத்துக்காரர். அங்கே ஒடிசாவில் சாரளா தாசர். இரண்டு பேரின் கையிலும் வியாசரில் இல்லாத ஒரே கதை வந்து சேர்ந்திருக்கிறது. யார் யாரிடமிருந்து கேட்டார்கள் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஊர் ஊராக வாய்வழியே ஓடிய பாரதம் ஒன்று இருந்தது, அதைக் கவிஞர்கள் அள்ளி எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்லலாம், அதற்கு மேல் எல்லாம் ஊகம். ஆனால் நெல்லிக்கனியைப் பாரதம் என்று ஏற்றுக்கொள்பவர் நவகுஞ்சரத்தை மட்டும் பொய் என்று தள்ளுவது நியாயம் இல்லை. இதை அப்பாவிடம் வாக்குவாதமாகப் போய்ச் சொல்லாதீர்கள். வில்லிபாரதத்தை முழுக்கப் படித்த மனிதர், நவகுஞ்சரக் கதையை நிதானமாகச் சொன்னால் அவருக்கே பிடித்துப்போகும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் பக்கத்தில் பார்க்கலாம். வியாசர் சொல்லும் இராவான், அர்ஜுனனுக்கும் உலூபிக்கும் பிறந்தவன், எட்டாம் நாள் போரில் அரக்கன் அலம்புசன் கையால் சாகிறான். அவ்வளவுதான் அங்கே அவன் கதை. நம் அரவான் அப்படியா? போருக்கு முன்னால் களப்பலி, அதற்கு முந்தைய இரவு மோகினியாக வந்த கண்ணனோடு கல்யாணம், வெட்டுண்ட தலை கண் மூடாமல் போரைப் பார்த்தது, எல்லாம் தமிழ்நாட்டில் வளர்ந்தவை. களப்பலி மட்டும் 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே வந்துவிடுகிறது. கூவாகத்துக்கும், புதுச்சேரியில் பிள்ளையார்குப்பத்துக்கும், சிதம்பரம் பக்கம் கொத்தட்டைக்கும் கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் போகும் யாரிடமாவது இது வியாசரில் இல்லையே என்று சொல்லிப் பாருங்கள், உங்களை ஒருமாதிரி பார்ப்பார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் கையில் தலையோடு நிற்கும் போத்துராஜாவும் அப்படித்தான். அந்த ஒடிசா ஓவியரின் மகனோ மகளோ இங்கே வந்து, அரவான் தலைச் சிற்பத்தை வாங்கிக்கொண்டு போய், அவர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இப்படி ஒரு கட்டமே பாரதத்தில் இல்லை என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

பல உயிர் சேர்ந்த உடம்பு என்பதும் நமக்குப் புதிதில்லை. நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரன், புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதர் வழிபட்ட தலம் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் அது. சிதம்பரத்துக்குப் போனால் அவருக்குப் பக்கத்திலேயே இடுப்புக்குக் கீழே பாம்பாக இருக்கும் பதஞ்சலி. சிவன் கோயில் வாகனங்களில் மனித முகமும் மிருக உடலுமாக வரும் புருஷாமிருகம், பீமனை அது துரத்திய கதை, அதுவும் வியாசரில் இல்லாத பாரதக் கதைதான். சரபேஸ்வரர், யாளி, பெண் முகம் கொண்ட காமதேனு என்று நிறையச் சொல்லிக்கொண்டே போகலாம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: நவகுஞ்சரம் என்று இணையத்தில் தேடினால் ஒன்பது பெண்கள் சேர்ந்து யானை வடிவில் நிற்கும் நவநாரி குஞ்சரமும் வந்து விழும். நம் ஊர்க் கோயில் தூண்களில் அதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் உங்கள் படத்துக்கும் கதை அளவில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அடுத்து, விற்பவர்கள் சொல்வதில் நான் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளும் பகுதி. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு தத்துவம் சொல்வார்கள். சேவல் விழிப்பு, மயில் அழகு, யானை பலம், பாம்பு குண்டலினி, ஒன்பதும் சேர்ந்தால் நவக்கிரகம் என்று பட்டியல் போகும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் பட்டியல் மாறும், ஒருவர் நவரசம் என்பார், இன்னொருவர் உடம்பின் ஒன்பது வாசல் என்பார். நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டபோது அப்படி எதுவும் அவர் சொல்லவில்லை, எல்லா உயிரும் அவன்தான் என்று அர்ஜுனனுக்குக் காட்டினார், அவ்வளவுதான் என்றார். எனக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. அதே மாதிரி மூன்றாவது கால் மானா குதிரையா என்பதை வைத்து எது அசல், எது தப்பு என்று யாராவது தீர்ப்புச் சொன்னாலும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டையும் கைதேர்ந்தவர்களே வரைகிறார்கள். மாறாமல் இருக்க வேண்டியது அந்த மனிதக் கை. அதை விட்டுவிட்டு ஒரு படம் வந்தால், வரைந்தவருக்குக் கதை தெரியாது என்றுதான் அர்த்தம், ஏனென்றால் அர்ஜுனன் கண்டுபிடித்ததே அதை வைத்துத்தான்.

இந்த நாட்டில் கதை சொல்லும் படங்கள் எல்லாமே அந்தந்த ஊர் சொன்ன கதையைத்தான் பின்தொடர்ந்தன என்பதை நீங்கள் மற்ற ஓவியங்களிலும் பார்க்கலாம். தெலங்கானாவில் சேரியால் சுருள் ஓவியம் என்று உண்டு, ஒவ்வொரு சாதிக்கும் அவரவர் குலபுராணத்தை வரைந்து, கதைசொல்லி அதை விரித்து வைத்துப் பாடுவார். நெசவாளர்களான பத்மசாலிகளுக்கு மார்க்கண்டேய புராணம் அப்படித்தான் வரும், நூலில் இருக்கும் புராணத்தைத் தேடிப் போய் அதோடு ஒப்பிட்டால் குழம்பிவிடுவோம். ராஜஸ்தானில் பட் என்ற நீள ஓவியத் திரையில் பாபூஜி என்ற நாட்டுப்புறத் தெய்வத்தின் கதை. அவர்களுக்கு அவர் லட்சுமணனின் அவதாரம். இரவில் அந்தத் திரையை விரித்துப் போபாக்கள் என்ற பூசாரிப் பாடகர்கள் பாடும்போது அதுவே கோயில். வங்காளத்தில் பட்டுவாக்கள் என்ற சுருள் ஓவியர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அவர்கள்தான் தலைமுறை தலைமுறையாக ராமாயணத்தையும், பாம்புத் தெய்வமான மனசா தேவி கதையையும் சுருளில் வரைந்து, விரலால் தொட்டுக் காட்டிக்காட்டிப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். பீகாரின் மிதிலைப் பகுதியில் சீதை அந்த வீட்டுப் பெண். அதனால் கல்யாண வீட்டுச் சுவரில் பெண்கள் வரைந்த மதுபனி ஓவியங்களில் சீதா கல்யாணத்துக்குக் கிடைக்கும் இடம் போருக்குக் கிடைக்காது. 1960களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தபோதுதான் அந்தச் சுவர் ஓவியம் விற்பனைக்காகப் பெருமளவில் தாளுக்கு வந்தது. நம் பக்கம் சிதம்பரத்தில் சிவகாமி அம்மன் சன்னதி மண்டப விதானத்தில் 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன, பிட்சாடனரும் மோகினியும் தாருகாவனத்துக்குப் போன கதை. அந்த ஊர்க் கூத்தனின் கதை என்பதால்தான் அது அங்கே இருக்கிறது. உங்களுக்குப் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் சிதம்பரம் வந்துவிடும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடங்கள், ஒரே ஆள் கட்டத்துக்குக் கட்டம் திரும்பத் திரும்ப வருவது எப்படி என்று பிடிபட்டுவிட்டால், அப்புறம் எந்தக் கதை ஓவியத்தையும் படிக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி, படம் நிஜமானதா. இங்கேதான் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். கதை உண்மை என்பதால் படமும் கைவேலை என்று ஆகிவிடாது. ஒடிசாவின் இந்தத் துணி ஓவியத்துக்குப் பட்டச்சித்திரம் என்று பெயர், அதைச் செய்யும் முறையைச் சொன்னால் நீங்களே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். பழைய பருத்தித் துணி இரண்டை, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய புளியங்கொட்டைப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டுவார்கள். காய்ந்ததும் இரண்டு பக்கமும் சுண்ணக்கட்டித் தூளையும் பசையையும் கலந்து பூசி, முதலில் சொரசொரப்பான கல்லாலும் பிறகு வழவழப்பான கல்லாலும் தேய்ப்பார்கள். வீட்டுப் பெண்கள்தான் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கிறார்கள், பெயர் என்னவோ வரைபவருக்குப் போய்விடுகிறது. தேய்த்து முடித்தால் துணி தோல் மாதிரி விறைப்பாகிவிடும். முதலில் கரை, அதாவது பார்டர். பிறகு பென்சில் தொடாமல் நேராகத் தூரிகையால் உருவங்களைக் கோடு போடுவார்கள், அப்புறம் உடல் நிறம், உடை, நகை, கடைசியில் கறுப்புக் கோடு. வெள்ளைக்குச் சங்குப் பொடி, மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்கு இங்குலிகம் (இரண்டும் கல்லைப் பொடித்து எடுப்பவை), கறுப்புக்கு விளக்குக் கரி, எல்லாவற்றையும் பிடித்து வைக்க விளாம்பிசின். மஞ்சள் என்றால் நம் கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிவந்த அதே அரிதாரம்தான்.

உங்கள் படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெறும் துணி இழை பளிச்சென்று தெரிந்தால் அது பட்டச்சித்திரத்துக்காக இப்படித் தயாரித்த துணி இல்லை. பின்பக்கமும் சுண்ணம் பூசி மழமழவென்று இருந்தால் நல்ல அறிகுறி. பிறகு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கறுப்புக் கோட்டைப் பாருங்கள், கையால் இழுத்த கோடு நடுவில் தடித்து நுனியில் மெலியும், நகைகளில் வைத்த வெள்ளைப் புள்ளிகள் லேசாக மேடாக இருக்கும். அச்சடித்ததாக இருந்தால் நிறம் எல்லாம் பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைந்து தெரியும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் கைவேலை என்று தைரியமாகச் சொல்லலாம். நிறம் கல்லிலிருந்து எடுத்ததா, கடையில் வாங்கிய பெயின்டா என்பதை மட்டும் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இன்று ரகுராஜ்பூரிலேயே பலர் கடைச் சாயம் பயன்படுத்துகிறார்கள், டசர் பட்டிலும் வரைகிறார்கள், அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். இயற்கைச் சாயம் என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கியிருந்தால்தான் அது வேறு விஷயம். நூறு வருஷம் பழையது என்று சொல்லி விற்றிருந்தால் நம்ப வேண்டாம். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை, ஆனாலும் கண்காட்சிகளில் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பூரிக்கு வரும் யாத்ரீகர்கள் வாங்கிப்போக வரைந்து வந்த கலை இது, ஒரு கட்டத்தில் அச்சுப்படம் பெருகி மிகவும் நலிந்துபோய், 1950களில் ஹலினா ஜீலி என்ற அமெரிக்கப் பெண்மணி ஓவியர்களைத் தேடிப்பிடித்து மறுபடி வரையத் தூண்டினார். இன்று சந்தையில் கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி அதற்குப் பிந்தையதுதான்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தைப் பார்க்காமல் நான் விலை சொல்வது சரியாக இருக்காது. அளவைவிடக் கோட்டின் நுணுக்கம்தான் விலையைத் தீர்மானிக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். உள்ளங்கை அகலத்தில் மயில் கழுத்தின் இறகை ஒவ்வொன்றாகப் போட்டிருந்தால் அது நாள் கணக்கில் வாங்கும் வேலை.

மூன்றாவது கேள்வி, பூஜை அறை. ஒடிசாவில் படத்துக்குக் கிடைக்கும் மரியாதையைச் சொல்கிறேன், நீங்களே யோசியுங்கள். ஜ்யேஷ்ட பௌர்ணமியில் ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் வெளியே வைத்துப் பெரிய நீராட்டு நடக்கும். அதன் பிறகு சாமிக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சுமார் பதினைந்து நாள் தரிசனம் கிடையாது, இதை அணசரம் என்கிறார்கள். அந்த நாட்களில் மூலவர்களுக்குப் பதிலாக மூன்று பட்டச்சித்திரங்களை மாட்டி, அவற்றுக்குத்தான் பூஜை. வரைபவர்கள் பரம்பரைச் சித்ரகார்கள், அந்தப் படத்தை வரையும் காலத்தில் நியமமாக இருப்பார்கள். ஆக இந்தக் கலையின் வேரே கோயில் பூஜைதான், சுவர் அலங்காரத்துக்காகப் பிறந்த கலை இல்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பூஜை அறை உங்கள் குடும்ப வழக்கப்படி நடப்பது, அதில் எதை வைக்கலாம் என்று சொல்ல ஓவிய ஆசிரியருக்கு உரிமை கிடையாது. அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் கூடத்தில் மாட்டுங்கள், வருபவர்கள் எல்லோரும் இது என்ன என்று கேட்பார்கள், கதையையும் சொல்லலாம். என் வீட்டில் கூடத்தில்தான் இருக்கிறது.

எங்கே மாட்டினாலும் சில விஷயங்களைக் கட்டாயம் பாருங்கள், நம்முடையது கடலோர ஊர். புளியங்கொட்டைப் பசை என்பது பூச்சிகளுக்குச் சாப்பாடு, உப்புக்காற்றின் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை ஒரு மழைக்காலத்திலேயே வந்துவிடும். கண்ணாடிச் சட்டம் போடும்போது கண்ணாடி படத்தில் ஒட்டக் கூடாது, நடுவில் இடைவெளி விடும்படி அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள், சட்டம் போடுபவர்கள் அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள். பின்னால் பலகைக்கும் சுவருக்கும் கூடக் காற்று போக வேண்டும், கடல் பக்கம் பார்த்த வெளிச்சுவர் வேண்டாம், உள்சுவர் நல்லது. வெயில் நேராக விழக் கூடாது. சுருட்டி வைப்பதானால் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்டுங்கள். மடித்தால் மடிப்பு வரியில் சுண்ணம் உதிர்ந்துவிடும், அதை ஒட்டவைக்க முடியாது. ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, பழைய முறையில் செய்ததாக இருந்தால் அரிதாரத்தில் ஆர்சனிக்கும் இங்குலிகத்தில் பாதரசமும் இருக்கின்றன, நிறமும் போகும், கைக்கும் நல்லதில்லை. தூசிக்கு மென்மையான காய்ந்த தூரிகை போதும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

முடிந்தால் பகல் வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்துப் போடுங்கள்: பின்பக்கம் முழுவதும், ஒரு மூலையின் விளிம்பு பக்கவாட்டில், அந்த மனிதக் கையும் தாமரையும் கிட்டத்தில். பின்னால் எங்காவது பெயரோ ஊரோ ஒடியா எழுத்தில் எழுதியிருந்தால் அதையும் எடுங்கள், எனக்குப் படிக்க வராது என்றாலும் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். விற்றவர் ரசீது தந்திருந்தால் அதில் வரைந்தவர் பெயர் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் அவரைத் தொடர்புகொண்டு கேட்டு வாங்கி, ஒரு தாளில் எழுதிச் சட்டத்துக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.